பூட்டு மட்டும் போதுமா?

பிரான்சில் லுவார் ஆற்றை ஒட்டி, நெவேர் நகர்ப்பக்கத்திலிருந்து அட்லாண்டிக் கடல்வரை சுமார் 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை போகிறது. அதில் பயணிக்கிறவர்கள் பலர் இரவில் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். சைக்கிள் களவு போகாதா? நல்ல பூட்டாக வாங்கினால் போயிற்று என்பார்கள். பூட்டு திருடனைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். சங்கிலியைக் கோக்க ஒரு கம்பம்கூட இல்லாத புல்வெளியில், பூட்டிய சைக்கிளை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாமே!

ஆகவே பொறுப்பில் பாதி இடம் தருகிறவருடையது. அங்கே 'அக்கேய் வெலோ' என்ற தரச்சான்று வேண்டுமானால், தங்குமிடம் பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும்; சைக்கிளை வைக்கப் பாதுகாப்பான இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் தர வேண்டும். செலவுதானே என்று கேட்கலாம். செலவுதான், ஆனால் பயணி தேடி வருவதே அதற்காகத்தான். இன்னொன்று, 2021 முதல் அங்கே கடைகளில் விற்கும் புதுச் சைக்கிள்களில், சிறு குழந்தைகளுடையவை நீங்கலாக, அடையாள எண் கட்டாயம். எண் களவைத் தடுக்காது என்பது உண்மையே. ஆனாலும் பிடிபட்ட சைக்கிள் யாருடையது என்று அது சொல்லிவிடும். திருட்டுச் சைக்கிளை விற்பதும் சிரமமாகிவிடும். நேயர்களே, உங்கள் சைக்கிளிலும் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் ஓர் எண் இருக்கும். இன்றைக்கே அதைக் குறித்து வையுங்கள்.