கைநாட்டுக்குப் பதில் கையெழுத்து

(செப்டம்பர் 8, சர்வதேச எழுத்தறிவு தினக் கூட்டத்தில் தோட்ட எழுத்தறிவுத் தொண்டர் குழுவினர் ஆற்றிய உரை)

 

"படிப்பு பிள்ளைகளுக்குத்தானே, இந்த வயசில் எங்களுக்கு எதுக்கு?" என்று லயத்தில் பலர் கேட்கிறார்கள். பதில் உங்கள் சம்பளத் துண்டிலேயே இருக்கிறது. இந்த மாதம் எத்தனை பேர் விழுந்தது, அரைப்பேர் எத்தனை, சேமலாப நிதிக்கு எவ்வளவு வெட்டினார்கள் என்பதெல்லாம் அதில்தான் உண்டு. சட்டப்படி நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8 ரூபாயாவது வெட்ட வேண்டும். நிர்வாகம் தன் பங்குக்கு 12 ரூபாயாவது போட வேண்டும். வாசிக்கத் தெரியாவிட்டால் அந்தத் துண்டு வெறும் கடதாசி. தெரிந்தால் அதுவே நமக்குச் சாட்சி.

பேர்ப் பிழையைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமி, அடையாள அட்டையில் லட்சுமி, செக்ரோலில் லெச்சுமி. எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். கைநாட்டு வைத்தவருக்கு வாசித்துப் பார்க்க வழியில்லை. முப்பது வருசம் கொழுந்து பறித்துவிட்டு, சேமலாப நிதி எடுக்கப் போகும்போதுதான் அந்தப் பிழை குறுக்கே நிற்கிறது. பிறகு சத்தியக் கடதாசி, பஸ் காசு, அலைச்சல்!

இது நம் தாய்மாரின் குற்றமல்ல. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில்தான். அதற்கு முன் பல தோட்டங்களில் ஒரே அறை, ஒரே வாத்தியார்.

வயது போனால் படிப்பு ஏறாது என்பதும் சரியில்லை. நம் பாட்டன் பூட்டன்மாரில் பலர் புறப்பட்டு வந்த சீமைகளில் ஒன்று புதுக்கோட்டை. அங்கே 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தது. சம்பளம் வாங்காத தொண்டர்கள் ஊர் ஊராகப் படிப்பித்தார்கள். கல் உடைக்கும் பெண்கள்கூடப் படித்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டவும் பழகினார்கள். அவர்களுக்கு முடிந்தது நமக்கும் முடியும்.

எங்கள் வகுப்பு ஞாயிறு பின்னேரம் பிள்ளை மடுவத்தில் நடக்கிறது. முதலில் அவரவர் பேர், அடுத்து இலக்கம், அதன் பிறகு சம்பளத் துண்டு. நாங்கள் எழுதிக் கொடுக்க மாட்டோம். எழுதக் காட்டித் தருவோம். சாதாரண தரம் படித்த தம்பி தங்கைமாரே, வாரத்தில் இரண்டு மணித்தியாலம் தாருங்கள். ஆம்பிளைகளிடமும் ஒரு வேண்டுகோள்: அன்றைக்கு மட்டுமாவது தண்ணி எடுத்து, அடுப்பைப் பற்ற வைத்து, வீட்டுப் பொம்பிளைகளை வகுப்புக்கு அனுப்புங்கள்.

அடுத்த சம்பள நாளில் துண்டை வாங்கி மடிக்க வேண்டாம். விரித்து வாசிப்போம்.