ரயில் நின்ன ஒன்பது மாசம்: கொரோனா, வட சென்னை, சைக்கிள்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு நேயர் மெசேஜ் போட்டிருந்தாங்க: "லாக்டவுன்ல சென்னையோட காத்து எவ்ளோ சுத்தமா இருந்துச்சு! அதைப் பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்களேன்." பண்ணலாம். ஆனா நான் திருவொற்றியூர்க்காரன். "சென்னையோட காத்து"ன்னு யாராவது ஆரம்பிச்சா, எந்தச் சென்னைன்னு கேக்குறது எங்க ஏரியா பழக்கம். அதனால இன்னைக்கு காத்தைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி கொஞ்சம் ரயிலைப் பத்தியும் சைக்கிளைப் பத்தியும் பேசணும். ஆக்சிஜன் சிலிண்டரும் நடுவுல வரும்.

2020 மார்ச் 25, ஊரடங்கு ஆரம்பம். எங்க டீம்ல எல்லாரும் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டோம். ஓஎம்ஆர்ல இருக்கிற ஆபீஸ், திருவொற்றியூர்ல ஒரு மடக்கு டேபிளுக்கு வந்து சேர்ந்துச்சு. மீட்டிங்ல நான் மைக்கை ஆன் பண்ணா பின்னாடி டிரெய்லர் லாரி ஹாரன் கேக்கும். "பேக்ரவுண்ட்ல என்ன சத்தம்?"னு கேப்பாங்க. லாரி ஏன் ஓடிட்டு இருந்துச்சுன்னா, துறைமுகம் மூடலை. மின் உற்பத்தி, பெட்ரோலியம், துறைமுகம் எல்லாம் அத்தியாவசியப் பட்டியல்ல இருந்துச்சு. ஊர்ல மத்த இடங்கள் அமைதியா இருந்தப்போ, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஓட்டம் குறைஞ்சுச்சே தவிர நிக்கலை.

நோய் விஷயத்துலயும் இங்க கதை வேற. சென்னை மாநகராட்சியோட 15 மண்டலத்துல, ஏப்ரல் மே மாசங்கள்ல தினமும் வர்ற பட்டியல்ல முதல் இடம் பெரும்பாலும் ராயபுரம் மண்டலத்துக்குத்தான். டிவியில "ராயபுரம்"னு பெரிய எழுத்துல போடுவாங்க. என்னவோ அந்த ஊர் ஜனங்க வேணும்னே மாஸ்க் போடாம சுத்துற மாதிரி. ஒரே ரூம்ல ஆறு பேரு, பத்து வீட்டுக்கு ரெண்டு கழிப்பறை, தண்ணிக்கு லாரி முன்னாடி குடத்தோட வரிசை. அங்க "ஆறடி இடைவெளி விடுங்க"ன்னா எந்த ஆறடி? தகரம் அடிச்சுத் தெருவை அடைச்சாங்க. அப்புறம் தெருத்தெருவா காய்ச்சல் முகாம் போட்டாங்க. என் கணக்குல, தகரத்தை விட முகாம்தான் வேலை செஞ்சுச்சு. ஜூலை வாக்குல ராயபுரம் எண்ணிக்கை இறங்கி, கோடம்பாக்கம், அண்ணா நகர் மேல போனப்போ, டிவி எழுத்து அவ்ளோ பெருசா இல்லை.

இப்போ ரயிலுக்கு வருவோம். சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி போற புறநகர் ரயில்தான் இந்தப் பக்கத்து முதுகெலும்பு. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர். சீசன் டிக்கெட் எடுத்தவன் கம்மிக் காசுல கம்பெனி வாசலுக்குப் போயிடுவான். ஊரடங்குல அந்த ரயில் நின்னுச்சு. மே மாசத்துக்கு அப்புறம் தொழிற்சாலைகள் படிப்படியா திறந்துச்சு, ரயில் திறக்கலை. மாநகரப் பேருந்து திரும்ப ஓடுனது செப்டம்பர் 1. புறநகர் ரயில்ல அக்டோபர்ல அத்தியாவசியப் பணியாளர்களை ஏத்துனாங்க, நவம்பர் 23ல இருந்து பெண்களை. மத்தவங்க எல்லாரும் ஏற டிசம்பர் 23 ஆச்சு, அதுவும் கூட்ட நேரம் இல்லாதப்போ மட்டும். கணக்குப் போட்டுப் பாருங்க, ஒன்பது மாசம். சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, சர்வரை ஆன் பண்ணிட்டு நெட்வொர்க் கேபிளைப் புடுங்கி வச்சிருந்தாங்க.

அப்போ தொழிலாளி எப்படிப் போனான்? பைக் இருந்தவன் பைக்ல. இல்லாதவன் சைக்கிள்ல.

எங்க மாமா எண்ணூர் பக்கம் ஒரு ஆலையில கான்ட்ராக்ட் ஆளு. பெர்மனன்ட் ஆளுங்களுக்குக் கம்பெனி வேன் விட்டுச்சு. கான்ட்ராக்ட் ஆளுங்களை "நீங்களே பாத்து வந்துருங்க"ன்னுட்டாங்க. வேன்ல சீட் காலியா இருந்தாலும் ஏத்தலை, ஏன்னா இடைவெளி விடணுமாம். மாமா வீடு ராயபுரம். அங்க இருந்து எண்ணூர் சுமார் 13 கிலோமீட்டர். பரண்ல கிடந்த பழைய ஹெர்குலிஸை இறக்கி, டியூப் மாத்தி, கேரியர்ல டிபன் பாக்ஸைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. "மாமா, அவ்ளோ தூரமா?"ன்னேன். "இன்னா மாப்ள, நாங்க என்ன புதுசாவா மிதிக்கிறோம்? கல்யாணத்துக்கு முன்னாடி இதே ரோட்டுல தான் மிதிச்சேன். அப்போ லாரி இவ்ளோ இல்ல, அதான்."

இதே நேரத்துல நம்ம இன்ஸ்டாகிராம் பக்கம் வேற ஒரு சைக்கிள் ஓடிட்டு இருந்துச்சு. ஜிம் மூடிட்டாங்க, அதனால ஹெல்மெட், கையுறை, கியர் சைக்கிள், ஈசிஆர்ல விடியக்காலை ரைடு. தப்பே இல்லை, எனக்கும் பிடிக்கும். நாடு முழுக்க சைக்கிள் கடையில ஸ்டாக் காலி. அகில இந்திய சைக்கிள் உற்பத்தியாளர் சங்கம் கொடுத்த கணக்குப்படி 2020 மே மாசம் சுமார் 4.5 லட்சம் சைக்கிள் வித்துச்சு, செப்டம்பர்ல 11 லட்சத்துக்கும் மேல. ஆனா அதே வருஷம் ஜூன் 3, உலக சைக்கிள் தினத்து அன்னைக்கு, டெல்லி பக்கத்துல சாஹிபாபாத்ல அட்லஸ் கம்பெனி, கையில பணம் இல்லைன்னு சொல்லி ஆலையை நிறுத்துச்சு. விலை கம்மியான, கறுப்புக் கலர், கேரியர் வச்ச சைக்கிள் பண்ற கம்பெனி அது. வித்துக்கிட்டு இருந்தது வேற சைக்கிள்.

பாரிஸ், பொகோட்டா மாதிரி ஊர்கள்ல அந்த வருஷமே ரோட்டுல கோன் வச்சு, பெயின்ட் அடிச்சு, தற்காலிகமா சைக்கிள் பாதை போட்டாங்க. பஸ்ல நெருக்கியடிச்சு ஏறாதீங்க, மிதிச்சுப் போங்கன்னு. இங்கயும் ஒன்றிய அரசு 2020 ஜூன்ல நகரங்களுக்கு ஒரு சைக்கிள் சவால் அறிவிச்சுது, சென்னையும் சேர்ந்துச்சு. ஆனா சைக்கிள் பாதைன்னு பேச்சு வந்தாலே நம்ம மனசுல வர்ற படம் கடற்கரைச் சாலை, பார்க் ஓரம். உண்மையா தினமும் சைக்கிள்ல வேலைக்குப் போறவன் காசிமேடு, எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி ஆயில் ரிஃபைனரி ரோட்டுல இருக்கான். 40 அடி கன்டெய்னர் ஏத்துன டிரெய்லர் திரும்புறப்போ, டிரைவருக்கு இடது பக்கம் சைக்கிள்காரன் இருக்கிறதே தெரியாது. இந்த ரோட்டுல சைக்கிள் ஓட்டுறவனுக்கு ஹெல்மெட்டை விட முக்கியம் ஒரு தடுப்புக் கட்டைதான்.

இப்போ காத்து. சைக்கிள் மிதிக்கிறப்போ நாம எவ்ளோ காத்து இழுக்குறோம் தெரியுமா? சும்மா உக்காந்திருந்தா நிமிஷத்துக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர். மிதிச்சா அது நாலஞ்சு மடங்கு ஆகும். அதாவது ஒரே ரோட்டுல, ஏசி கார்ல போறவனை விட சைக்கிள்காரன் நுரையீரல்லதான் அதிகப் புகை இறங்குது. காத்து மோசமான ஊர்ல "சைக்கிள் ஓட்டுங்க, ஆரோக்கியம்"னு சொல்றது பாதி உண்மை.

ஊரடங்குல காத்து சுத்தமாச்சா? ஆச்சு. வண்டிப் புகையில இருந்து வர்ற நைட்ரஜன் டை ஆக்சைடு இந்திய நகரங்கள்ல நல்லாவே குறைஞ்சுச்சு. சல்ஃபர் டை ஆக்சைடு அந்த அளவுக்குக் குறையலை, ஏன்னா அதோட பெரிய மூலம் நிலக்கரி அனல்மின் நிலையம். எண்ணூர்ப் பக்கம் 2020ல வட சென்னை அனல்மின் நிலையம் 1,830 மெகாவாட், வல்லூர் 1,500 மெகாவாட். ஆலைகள் மூடி மின்சாரத் தேவை குறைஞ்சதால சில யூனிட்டை நிறுத்தி வச்சாங்க, ஆனா உங்க வீட்டு வைஃபைக்கும் என் லேப்டாப்புக்கும் கரண்ட் வந்துட்டேதானே இருந்துச்சு? தென் சென்னையில காத்தைக் கெடுக்கிறது பெரும்பாலும் வண்டி. அது நின்னா காத்து தெளியும். இங்க வண்டியோட சேர்த்து புகைபோக்கியும் இருக்கு, சாம்பல் குட்டையும் இருக்கு. நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009லயே மணலியை மிகக் கடுமையா மாசுபட்ட தொழிற்பகுதின்னு பட்டியல் போட்டுச்சு.

ஒரு சின்ன பழைய கதை. ராயபுரத்துல மாடியில துணி காயப் போட்டா கறுப்பா எடுக்கணும், துறைமுகத்து நிலக்கரித் தூசி. ஜனங்க கத்தி, விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயி, 2011 அக்டோபர்ல இருந்து சென்னைத் துறைமுகத்துல நிலக்கரி இறக்குறது நின்னுச்சு. நல்ல தீர்ப்புதான். ஆனா நிலக்கரி எங்க போச்சு? எண்ணூர் துறைமுகத்துக்கு. ராயபுரத்து மாடித் துணி வெள்ளையாச்சு, அத்திப்பட்டு பக்கம் கறுப்பாச்சு. 2020லயும் நடந்தது கிட்டத்தட்ட இதான்: ஒரு இடத்துக் காத்து தெளிஞ்சதை மொத்த ஊர்க் காத்துன்னு சொல்லிட்டோம்.

நுரையீரல்னு வந்துட்டோம், அதனால 2021க்குப் போவோம். இந்தப் பகுதிதான் எனக்கு இன்னும் தூக்கத்துல வரும்.

எங்க தெருவுல ஒரு அண்ணன் கேஸ் கட்டிங் பட்டறை வச்சிருக்காரு. இரும்புத் தகடு, பழைய படகு இன்ஜின் பாகம் எல்லாம் வெட்டுறது. அதுக்கு ஆக்சிஜன் வேணும். 2021 ஏப்ரல் கடைசியில, திரவ ஆக்சிஜன் முழுக்க மருத்துவத்துக்கு மட்டும்தான்னு ஒன்றிய உள்துறை உத்தரவு போட்டுச்சு. அண்ணன் பட்டறை அன்னையோட மூடுச்சு. ஆனா போன் நிக்கலை. "அண்ணே, சிலிண்டர் இருக்கா? அப்பாவுக்கு மூச்சு முட்டுது." முன்னப்பின்ன தெரியாத ஆளுங்க. அவர்கிட்ட இருந்தது மூணு சிலிண்டர். தொழிற்சாலை சிலிண்டர் முழுக்கக் கறுப்பு, ஆஸ்பத்திரி சிலிண்டருக்குக் கழுத்துல வெள்ளை. உள்ள இருக்கிற வாயு ஒண்ணுதானேன்னு தோணும். ஆனா பட்டறை சிலிண்டர்ல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், துரு இருக்கும், வால்வு வேற. முறையா சுத்தம் பண்ணி, சோதிச்சு, மாத்தி நிரப்பணும். நேரா வீட்டுக்குக் கொண்டு போய் மூக்குல மாட்டக் கூடாது. "குடுக்கவும் முடியல, இல்லன்னு சொல்லவும் முடியல தம்பி"ன்னாரு. கடைசியில போனை அணைச்சு வச்சுட்டாரு.

கிடைச்சாலும் எவ்ளோ நேரம் வரும்? பெரிய சிலிண்டர்ல சுமார் 7,000 லிட்டர் வாயு. நிமிஷத்துக்கு 10 லிட்டர் ஓடுனா பதினொன்றரை மணி நேரம். ரெண்டாம் அலையில பல பேருக்குத் தேவைப்பட்ட ஹை ஃப்ளோ கருவி நிமிஷத்துக்கு 60 லிட்டர் வரைக்கும் இழுக்கும். அப்போ ஒரு சிலிண்டர் ரெண்டு மணி நேரம்கூட வராது. ஒரு வார்டுல அப்படி முப்பது பேருன்னா? அதனாலதான் ஆஸ்பத்திரிக்குத் திரவ ஆக்சிஜன் டேங்க். மைனஸ் 183 டிகிரியில திரவமாகுற பொருள், ஒரு லிட்டர் திரவம் 860 லிட்டர் வாயு ஆகும். ஆனா டேங்க் நிறைய இருந்தாலும், அதை வாயுவா மாத்துற கருவியும் படுக்கை வரைக்கும் போற குழாயும் அந்த வேகத்துக்குத் தாங்கணும். ஆயிரம் பேருக்குக் கட்டின வெப்சைட்டுக்குள்ள ஒரே நேரத்துல லட்சம் பேர் வந்தா என்ன ஆகும்னு நம்ம ஆளுங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மே 4 ராத்திரி செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில 13 பேர் இறந்தாங்க. ஆக்சிஜன் கிடைக்கலைன்னு உறவினர்கள் சொன்னாங்க, தட்டுப்பாடு இல்லைன்னு அதிகாரிகள் சொன்னாங்க. டேங்க்ல இருக்கிறதும் மூக்குக்கு வந்து சேர்றதும் ஒண்ணு இல்லைங்கிறது மட்டும் எனக்குப் புரிஞ்சுது.

மே 14, மேற்கு வங்கம் துர்காபூர்ல இருந்து 80 டன் திரவ ஆக்சிஜனோட தமிழ்நாட்டுக்கு முதல் ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ் வந்துச்சு. வந்து நின்ன இடம் எது தெரியுமா? நம்ம தண்டையார்பேட்டை கன்டெய்னர் யார்டு. வருஷம் முழுக்க நாங்க திட்டுற அதே யார்டு, அதே டிரெய்லர் லாரி. அன்னைக்கு லாரி டிரைவருங்க தூங்காம ஓட்டுனாங்க. ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ் சத்தம் ஓயாத வாரம் அது. எங்க பாட்டி ஸ்டான்லின்னு சொல்லவே மாட்டாங்க, "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி"ம்பாங்க. 1782ல பஞ்சத்துல வந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊத்துன சத்திரத்துல இருந்து வளர்ந்த இடம். நோயும் பசியும் ஒண்ணா வரும்னு அந்தப் பேருக்குள்ளயே இருக்கு.

அப்புறம் என்ன ஆச்சு? 2021 பிப்ரவரியிலயே மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்துடுச்சு, எனக்கு ரொம்ப வசதி. புறநகர் ரயிலும் பழையபடி ஓடுது. மாமா சீசன் டிக்கெட் எடுத்துட்டாரு. ஆனா நைட் ஷிஃப்ட்டுக்கு இன்னும் சைக்கிள்தான், ஏன்னா ஷிஃப்ட் முடியுற நேரத்துக்கு ரயில் ஒத்து வராது. "பாதை போடுவாங்களா மாப்ள?"ன்னு ஒரு தடவை கேட்டாரு. மெட்ரோ வந்த ரோட்டுல தூணுக்கும் கடைக்கும் நடுவுல சைக்கிளுக்கு இடம் இல்லை. எக்ஸ்பிரஸ் ரோட்டுல இடம் இருக்கு, அதுல லாரி வரிசை நிக்குது.

அதனால நானும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் ஒரு மேப் போட்டுட்டு இருக்கோம். ராயபுரம், திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கம் சைக்கிள்ல வேலைக்குப் போறவங்களோ, உங்க வீட்டுல யாராவது போறாங்கன்னாலோ, ரூட்டை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. எந்தத் திருப்பத்துல லாரி ஒதுங்க விடாது, எங்க லைட் எரியாது, எத்தனை மணி ஷிஃப்ட்னு சொன்னா போதும். பேர் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். இதுவரைக்கும் 41 நோட் வந்திருக்கு, அதுல பாதிக்கு மேல ஒரே ஒரு லாரி திருப்பத்தைச் சொல்லுது. அடுத்த எபிசோட்ல அந்தத் திருப்பத்துல இருந்தே பேசுறேன்.