வாரப் பாடமும் வீட்டுத் தமிழும்



நம் காலனிச் சிறுவர்கள் ஆறாம் வகுப்பில் பயிலும் ஆங்கிலப் பாடநூல், 2024-இல் வெளிவந்த ‘பூர்வி’. அதன் தொடக்கத்தில் சுதா மூர்த்தி அவர்களின் கதையொன்று உள்ளது. பொன்னாக்கும் மருந்துக்காக ஒருவன் தானே வாழை நட்டு, இலைகளில் பனிநீர் சேர்க்கிறான்; மனைவியோ பழம் விற்றுப் பணம் சேர்க்கிறாள்.

அவ்வாரம் என் மகள் அதனை ஆங்கிலத்தில் தடையின்றி ஒப்பித்தாள். தமிழில் கேட்டபோது, பனித்துளிக்குச் சொல் கிடைக்காமல் இந்தியில் ‘ஓஸ்’ என்றாள். பாட்டிதான் எடுத்துக் கொடுத்தாள். பின்னர், பொன் எங்கிருந்து வந்தது என்பதைக் குழந்தை தானே விளக்கினாள். மதிப்பெண்ணை மட்டும் விசாரித்தால் இவை வெளிப்படா.

ஆகவே ஞாயிறுதோறும் மாலை 5 மணிக்கு, அவ்வாரத்து ஆங்கிலப் பாடத்தைப் பிள்ளைகள் சங்க நூலகத்தில் தமிழில் சொல்லட்டும். பாட்டிமார் அவசியம் வரவேண்டும். சாவி என்னிடம் இருக்கிறது.