பாய் சுருண்ட கதை



இந்த மைதானத்தில் வலைப்பந்து ஆடிய நாங்கள், ஐம்பது வயதில் இந்த மண்டபப் படியேறவே மூச்சு வாங்கினோம். எங்களில் இருவருக்கு நீரிழிவு, ஒருத்திக்கு முழங்கால் நோ. எங்கள் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் ஆபத்துக் கூடும் என்று வைத்தியர் சொன்ன அன்று, தையல் நாடாவால் அளந்து பார்த்தோம். அந்த அளவை இங்கே சொல்லமாட்டோம்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது தேகப்பியாசம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாய் விரித்தோம். முற்றத்தில் வேகமாக நடந்தோம், கதிரையிலிருந்து இருபது தரம் எழும்பி இருந்தோம், தண்ணீர்ப் போத்தலைத் தூக்கினோம். மூன்று கிழமை ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு வீட்டில் கலியாணம், இன்னொரு வீட்டில் மாமிக்குச் சுகமில்லை. பாய் சுருண்டது. "வாற திங்கள் தொடங்குவம்" என்றோம். அந்தத் திங்கள் வர இரண்டு மாதம் சென்றது.

இப்போது காலையில் புட்டு அவியும்போது 15 நிமிடம், பின்னேரம் 15 நிமிடம், கிழமையில் ஐந்து நாள். செய்தவள் கலண்டரில் கோடு போட்டு மற்றவர்களுக்கு அறிவிப்பாள். அறிவிப்பு வராவிட்டால் போன் எடுப்போம்; ஏசமாட்டோம். எட்டு மாதத்தில் ஒருத்தி நான்கு கிலோ குறைந்தாள். இன்னொருத்திக்கு நிறை அசையவேயில்லை, ஆனால் இன்று கைபிடி பிடிக்காமல் படியேறி வந்தாள். மாத்திரைகளை மட்டும் வைத்தியரைக் கேளாமல் ஒருவரும் நிறுத்தவில்லை.

தேநீர் வேளையில் உங்கள் போன் இலக்கத்தையும் தந்துவிட்டுப் போங்கள். நாளை காலை ஐந்தரைக்கு அடிப்போம்.