தந்துகிக் கசிவு நோய்: வீட்டார் தெரிந்துகொள்ள
(நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு சார்பில் ஆற்றிய உரை)





உதவி கேட்டு வந்த ஒரு சகோதரியின் ஃபைலைப் பார்த்தபோது எங்களுக்கே முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு வருடத்தில் மூன்று முறை ஐ.சி.யூ. ஒவ்வொரு முறையும் சளி, உடம்பு வலி என்றுதான் ஆரம்பம். ஓரிரு நாளில் கை கால் வீங்கி, பிரஷர் அடியோடு இறங்கிவிடும். முதல் இரண்டு தடவையும் கிருமித் தொற்று என்று எழுதியிருந்தது. வீட்டில் கண்ணேறு என்று பேச்சு. மூன்றாம் முறைதான் நோயின் பெயர் தெரிந்தது.

1960-இல் அமெரிக்க மருத்துவர் கிளார்க்ஸனும் அவருடைய சக மருத்துவர்களும் 32 வயதுப் பெண் ஒருவரிடம் கண்டு எழுதிய நோய் இது. அதனால் கிளார்க்ஸன் நோய் என்றும் சொல்வார்கள். மிக அரிது, பல மருத்துவர்கள் தம் வாழ்நாளில் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

தந்துகி என்பது மயிரிழையை விட மெல்லிய இரத்தக் குழாய். இந்த நோயில் அதன் சுவர் சில நாட்களுக்குத் தளர்ந்துவிடுகிறது. இரத்தத்திலுள்ள நீரும் அல்புமின் என்ற புரதமும் வெளியே கசிந்து சதையில் தேங்குகின்றன. சிவப்பணுக்கள் உள்ளேயே தங்கிவிடும். உடம்பெல்லாம் நீர் கோத்திருக்க, இரத்தக் குழாயில் மட்டும் வறட்சி! ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் ஏறியிருக்கும். நல்லதுதானே என்று நாம் நினைப்போம். இரத்தம் கெட்டியாகிவிட்டது என்பதே அதன் பொருள். பிரஷர் குறைவு, ஹீமோகுளோபின் அதிகம், அல்புமின் குறைவு, இம்மூன்றும் சேர்ந்து வருவதுதான் அடையாளம்.

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரத்தில் ஆபத்து வருவதும் இதே போன்ற கசிவால்தான். ஆனால் இந்த நோயில் டெங்கு இல்லாமலே கசிவு வரும், திரும்பத் திரும்ப வரும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறோம். கசிவு நின்றதும் வெளியே போன நீர் இரத்தத்துக்குத் திரும்பும். அப்போது நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டலாம். அளவுக்கு மீறி டிரிப் ஏற்றியிருந்தால் இந்த ஆபத்து கூடும். "இன்னும் ஒரு பாட்டில் குளுக்கோஸ் போடுங்கள் டாக்டர்" என்று நாம் நச்சரிக்கக் கூடாது. வீக்கம் வடிகிறது என்று அவசரப்பட்டு டிஸ்சார்ஜ் கேட்கவும் கூடாது.

அடியோடு குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் மாதந்தோறும் இம்யூனோகுளோபுலின் ஏற்றினால் பெரும்பாலானவர்களுக்குத் தாக்குதல் நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். 60 கிலோ உள்ளவருக்கு 60 கிராமுக்குக் குறையாது. ஆயிரக்கணக்கானோர் கொடுத்த இரத்த நீரிலிருந்து பிரித்தெடுக்கும் மருந்து என்பதால் விலை அதிகம். அந்தச் சகோதரியின் குடும்பத்தால் தனியாகத் தாங்க முடியாது. இதற்காகத் தனிக் கணக்கு தொடங்கியிருக்கிறோம். பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டோம்.

இப்படிப்பட்ட நோயாளி உங்கள் வீட்டில் இருந்தால் நோயின் பெயர், நன்றாக இருக்கும்போது எடுத்த ஹீமோகுளோபின், அல்புமின் அளவு, பார்க்கும் மருத்துவரின் போன் நம்பர் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். நள்ளிரவில் புது ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தத் தாளை முதலில் நீட்டுங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஃபைலை எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்துக்கு வாருங்கள், நாங்கள் எழுதித் தருகிறோம்.