உலகக் கல்வியும் விரிந்த நோக்கும்



சில மாதங்களுக்கு முன் ஒரு காலைப் பொழுதில், ஓர் அன்னையார் தம் மைந்தனுடன் என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். வெள்ளவத்தையில் வாழும் குடும்பத்தினர். மைந்தன் உயர்தரப் பரீட்சையில் நன்கு சித்தியெய்தியவன். பிறநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. நற்சான்றுப் பத்திரம் பெறவே இருவரும் வந்தனர். கையொப்பமிட்டுக் கொடுத்த பின்னர், "தம்பி, அங்கே சென்று எதைக் கற்கப் போகிறாய்?" என்று வினவினேன். அவன் வாய் திறக்குமுன் அன்னையார் விடை பகர்ந்தார்: "எதைப் படித்தால் என்ன சேர், அங்கே போய்ச் சேர்ந்தால் போதும்."

அவரை நான் குறை கூறேன். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்கள் நாம். தம் பிள்ளை வேறெங்கேனும் நலமாய் வாழட்டும் என ஒரு தாய் எண்ணுவது இயல்பே. எனினும், அன்று முழுவதும் அவ்விடை என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. போய்ச் சேர்தல் வேறு, கற்றல் வேறு. கடல் கடந்து சென்றும் தம் வீட்டு முற்றத்தைத் தாண்டாதவர் உளர். தம் ஊரிலிருந்தே உலகைக் கண்டவரும் உளர். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு யாது? இதுவே இன்று நான் உங்களுடன் சிந்திக்க விழையும் பொருள்.

முதற்கண், நம் நாட்டவர் ஒருவரின் வாழ்க்கையை நோக்குவோம். 1913ஆம் ஆண்டு, ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனிற் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். ஆங்கில மொழிமூலம் கல்வி பயின்று, கொழும்பிலுள்ள குருமடத்திலே கற்று, பின்னர் உரோமாபுரி சென்று சமயவியலில் உயர்கல்வி பெற்றார். பல ஐரோப்பிய மொழிகள் அவருக்குக் கைவந்தன. ஆயின், தம் தாய்மொழியின் பழைய இலக்கியத்தை அவர் அதுகாறும் முறையாகக் கற்றாரல்லர். உலக மொழிகளின் செல்வத்தைக் கண்டவருக்குத் தம் வீட்டுப் பெட்டகத்தில் என்ன உள்ளது என அறியும் வேட்கை பிறந்தது. 1945ஆம் ஆண்டில், தமது 32ஆம் வயதளவில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலும் மாணாக்கராய்ச் சேர்ந்தார். உயர்பட்டம் பெற்ற ஒருவர் மீண்டும் மாணாக்கர் வரிசையில் அமர்வது எளிதோ? தமக்குத் தெரியாதது இன்னது என உணர்ந்த உள்ளத்திற்கே அப்பணிவு வாய்க்கும்.

அவர் கற்ற உலகக் கல்வி தமிழுக்கு அளித்த பயனைக் கேளுங்கள். 1554ஆம் ஆண்டில் லிஸ்பன் நகரில் உரோமன் எழுத்துக்களில் அச்சான தமிழ் நூலைப் பற்றி அறிஞருலகின் கவனத்தை ஈர்த்தார். 1679ஆம் ஆண்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அது 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிவர அவரே காரணர். போர்த்துக்கேய மொழி அறியாத தமிழறிஞர் அவற்றின் அருகே சென்றிருப்பினும் கடந்து போயிருப்பர். தமிழ் அறியாத போர்த்துக்கேயருக்கோ அவை பழந்தாள்களே. இரண்டையும் அறிந்த கண்ணுக்கே அவை புதையலாய்த் தோன்றின. 1964இல் புதுதில்லியில் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியபோது, பிரான்சு நாட்டு பிலியோசாவும் செக் நாட்டு சுவெலபிலும் அவருடன் நின்றனர். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியது. அவர் தமது பயண நூலுக்கு இட்ட பெயர் 'ஒன்றே உலகம்' என்பது.

இனி, மற்றொருவர் வரலாறு. பேராசிரியர் கைலாசபதி பேராதனையிற் பயின்று, 'தினகரன்' ஆசிரியராய் விளங்கி, பின்னர் இங்கிலாந்திலுள்ள பர்மிங்காம் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் தமிழ்ப் பேராசிரியரல்லர்; கிரேக்க மொழிப் பேராசிரியராகிய ஜோர்ஜ் தொம்சன். அவரோ இளமையில் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெட் தீவுக்குச் சென்று, அங்குள்ள மீனவக் குடிகளிடம் அவர்தம் மொழியைக் கற்றவர். எழுத்தின் துணையின்றி நாவிலே வாழும் கவிதை எத்தகையது என்பதை அத்தீவிலே கண்டார். அக்கண்கொண்டு ஹோமரின் காவியங்களை நோக்கினார். அவர் மாணாக்கரான கைலாசபதி, நம் சங்கச் செய்யுட்களைப் பாணர் மரபில் வந்த வீரயுகப் பாடல்களாகக் கண்டு எழுதிய ஆராய்ச்சி 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் நூலாய் வெளிவந்தது. ஓர் அயர்லாந்து மீனவக் குடிசையில் ஏற்றிய விளக்கு, கிரேக்கத்தின் வழியே வந்து, புறநானூற்றின் மேல் ஒளி வீசியது! அம்முடிபை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். ஆயினும், அதன்பின் சங்க இலக்கியத்தை ஆராய்வோர் அக்கேள்வியை எதிர்கொள்ளாமல் இருத்தல் அரிதாயிற்று. அவரும் மீண்டு வந்தவரே. 1974இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராய்ப் பணியாற்றினார்.

இவ்விருவர் வாழ்விலும் நாம் காண்பது ஒன்றே. பிறர் வீட்டு வழக்கத்தைக் கண்டபின்னரே, நம் வீட்டு வழக்கமும் ஒரு வழக்கம் என்பது நமக்குப் புலனாகின்றது. அதுகாறும் அதை உலக நியதி என்றே எண்ணியிருப்போம். ஒப்பிட்டு நோக்கும் பழக்கமே உலகக் கல்வியின் உயிர். அப்பழக்கம் இல்லையேல், விமானச் சீட்டு மட்டுமே எஞ்சும்.

"சேர், இதற்கெல்லாம் கடல் கடக்க வேண்டுமே" என்று யாரேனும் கேட்கலாம். வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் நான் இந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலைமாணிப் பட்டத்திற்குப் பயின்றேன். நாட்டில் போர் நிகழ்ந்த காலம். என்னுடன் ஒரே அறையில் தங்கியவர் தென்னிலங்கைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த சிங்கள மாணவர். முதற் சில வாரங்கள் நாங்கள் ஒருவரையொருவர் ஐயத்துடனேயே நோக்கினோம். ஒருநாள் அவர் 'சிதத் சங்கராவ' என்னும் 13ஆம் நூற்றாண்டுச் சிங்கள இலக்கணத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அதன் அமைப்பைத் தமிழிலுள்ள வீரசோழியத்துடன் அறிஞர் ஒப்பிடுவர் என்று கூறி, "அந்நூலில் என்ன உண்டு?" என்று என்னிடம் கேட்டார். பெயரையன்றி நான் ஒன்றும் அறியேன்! நாணத்துடன் நூலகம் சென்றேன். வீரசோழியத்தை இயற்றிய புத்தமித்திரர் பௌத்தர் என்பதை அன்றுதான் படித்தறிந்தேன். தமிழிலக்கணம் வகுத்த பௌத்தர் ஒருவரை, ஒரு சிங்கள நண்பரால் நான் அறிந்துகொண்டேன். அன்றிரவு நாங்கள் நெடுநேரம் உரையாடினோம். என் உலகம் ஓர் அறையினுள்ளேயே விரிந்தது.

இவ்வளவும் அறிந்த நான் இழைத்த ஒரு தவற்றையும் இங்கே கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஒரு மாணவிக்கு வேறொரு மாகாணத்திலுள்ள பல்கலைக்கழகத்தில் கலைப் பீட அனுமதி கிடைத்தது. தந்தையார் துறைமுகத் தொழிலாளி. "பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பலாமா, சேர்?" என்று என்னிடம் கேட்டார். கலைப் பட்டதாரிகள் வேலையின்றி அலைவதை எண்ணி, "வீட்டுக்கு அருகிலேயே ஏதேனும் கணினிப் பயிற்சி பெறட்டும்" என்றேன். அறிவுரை கூறியதாகவே எண்ணிக்கொண்டேன். 1945ஆம் ஆண்டுமுதல் இந்நாடு ஏழைப் பிள்ளைக்கும் திறந்து வைத்த கதவை, ஒரு வாக்கியத்தால் அடைத்துவிட்டேன். அப்பெண் இன்று வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையிற் காசாளராய் இருக்கிறாள். தொழிலில் இழிவில்லை. ஆயின், என்னைக் காணும்போதெல்லாம் எழுந்து நின்று, "சேர், வாசிக்க ஏதாவது புத்தகம் இருக்கா?" என்று கேட்கிறாள். அக்கேள்விக்கு முன் நான் தலைகுனிகின்றேன்.

சென்ற ஆண்டு அவள் தங்கைக்கும் அனுமதி கிடைத்தது. அதே தந்தையார் அதே கேள்வியுடன் வந்தார். "அனுப்புங்கள்" என்றேன். "பேருந்துக் கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், புதிய ஊரும், புதிய மொழியும், அவள் இதுவரை கேளாத கேள்விகளும் அங்கே அவளுக்காகக் காத்திருக்கின்றன" என்றேன். அவள் சென்றுவிட்டாள்.

பெற்றோர்களே, பிள்ளை எங்கே செல்கின்றது என்பதுடன், எதைக் காணச் செல்கின்றது என்றும் கேளுங்கள். மாணவச் செல்வங்களே, நீங்கள் எந்நாடு சென்றாலும், உங்களைப் போன்றவருடன் மட்டும் கூடி இராதீர்கள். வேற்று மொழி ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் மொழியைப் பிறர்க்குக் கற்பியுங்கள். உங்கள் நம்பிக்கையை மறுப்பவர் ஒருவரையேனும் நண்பராய்ப் பெறுங்கள். கொட்டாஞ்சேனைத் தெருவில் கோயில் மணியும் தேவாலய மணியும் விகாரையின் பிரித் ஓதலும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது கடினமன்று.

அன்று நற்சான்றுப் பத்திரம் பெற்றுச் சென்ற தம்பி, வாயிலருகே திரும்பி நின்று, "சேர், நான் மண்ணியல் கற்கப் போகிறேன், நம் நாட்டு நிலத்தடி நீரைப் பற்றி அறிய விருப்பம்" என்றான். அன்னையார் அவனை வியப்புடன் நோக்கினார். அவர் அதை அன்றுதான் முதன்முறை கேட்டார் போலும்.