இரவல் வானில் ஒரு பெயர்

(பத்தாம் ஆண்டு விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' என்னும் அறிவியல் புனைகதைத் தொடரில், விண்கலத்தைச் செலுத்தும் மீகாமன் ஒருவன் வருகின்றான். அவன் பெயர் சுலு. பிலிப்பைன்ஸ் தீவுகளை ஒட்டிய கடல் ஒன்றின் பெயரே அவனுக்கு இடப்பெற்றது. 79 கதைகள் ஒளிபரப்பான பின்னும் அவனுக்கு இயற்பெயர் என ஒன்று வாய்க்கவில்லை. கலத்தின் தலைவனுக்கும் மருத்துவருக்கும் பொறியாளருக்கும் முழுப்பெயர் உண்டு. முதன்மைப் பாத்திரங்களாக வரும் மனிதர்களுள் இயற்பெயர் பெறாதவர் இருவரே: ஆசிய மரபினனான சுலு, ஆப்பிரிக்க மரபினளான உஹூரா. இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் கண்ணில் படாமற் போவதில்லை.

சுலுவின் குறையைத் தீர்த்தது தொலைக்காட்சி அன்று. 1981ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி என்ட்ரோபி எஃபெக்ட்' என்னும் புதினமே அதனைத் தீர்த்தது. எழுதியவர் வோண்டா மக்கின்டயர் என்னும் அம்மையார். அவர் சூட்டிய பெயர் ஹிகாரு. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி சீமாட்டி இயற்றிய ஜப்பானியப் பெரும்புதினத்தின் தலைவனை 'ஒளிவீசும் கெஞ்சி' என்று வழங்குவர். அந்த ஒளியே ஹிகாரு. மலிவு விலைத் தாளட்டைப் பதிப்பாக வந்த ஒரு நூலுக்குள் இத்துணைப் பழைய இலக்கியத்தின் சுடர் ஒன்று ஏற்றி வைக்கப்பெற்றது.

நூல்களை முதல், வழி, சார்பு எனப் பகுப்பது நன்னூலார் நெறி. முதல்நூலொடு முற்றும் ஒத்துச் சென்று, தான் வேண்டும் வேறுபாடும் கூறுவது வழிநூல். சிறு பகுதி ஒத்துப் பெரும்பகுதி வேறுபடுவது சார்புநூல். இலக்கண ஆசிரியர் கருதிய நூல் வேறு, இங்குப் பேசப்படுவது வேறு. எனினும் அப்பகுப்பு இங்குப் பெரிதும் உதவுகிறது. திரைக்கதையைப் புதினமாக்கித் தருவதை வழிநூல் என்றும், திரையில் வாராத புதுக்கதையை அதே மாந்தரை வைத்துப் புனைவதைச் சார்புநூல் என்றும் கொள்ளலாம். இவ்விரு வகையையும் அமெரிக்க இலக்கிய உலகம் நெடுங்காலம் கூலி எழுத்து என்றே ஒதுக்கி வந்தது. ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. அவசரமாக எழுதி அவசரமாக மறக்கப்பெற்றவை அவற்றுள் மிகப்பல. ஆயினும் அவ்வகையில் முதலடி வைத்தவர் யார் என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும்.

1956இல் பென்சில்வேனியா மாநிலத்து மில்ஃபோர்டு என்னும் சிற்றூரில் டேமன் நைட், ஜூடித் மெரில், ஜேம்ஸ் பிளிஷ் ஆகிய மூவரும் எழுத்தாளர் கூட்டம் ஒன்றைத் தொடங்கினர். வட்டமாக அமர்ந்து ஒருவர் படைப்பைப் பிறர் முறைவைத்துத் திறனாய்வர். படைத்தவர் அதுவரை வாய் திறத்தல் ஆகாது. எல்லாரும் பேசி முடித்த பின்னரே அவர் மறுமொழி கூறலாம். நம் மரபின் அரங்கேற்றத்தில் முடிந்த நூல் அவையேறிற்று. அங்கோ முடியாத நூல் அவையேறிற்று. தம் கதை தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதைக் கண்முன்னே கண்டும் பேசாதிருக்கும் அந்த ஒரு மணி நேரம் எத்தகையது என்பதைக் கவிஞர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

அம்மூவருள் பிளிஷ், புனைபெயரில் திறனாய்வு எழுதிச் சக எழுத்தாளரைச் சிறிதும் விட்டுவைக்காதவர் எனப் பெயர் பெற்றவர். அவரே 1967 முதல் 'ஸ்டார் ட்ரெக்' திரைக்கதைகளைச் சிறுகதைகளாக்கித் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். 1970இல் 'ஸ்பாக் மஸ்ட் டை' என்னும் சார்புப் புதினத்தையும் எழுதினார். கூலி எழுத்தென்று பிறர் எள்ளிய பணியில் முதலில் கை வைத்தவர் கண்டிப்பு மிக்க அத்திறனாய்வாளரே ஆவார்.

மில்ஃபோர்டு முறையைப் பின்பற்றி, அதே மாநிலத்தின் கிளாரியன் கல்லூரியில் ராபின் ஸ்காட் வில்சன் 1968இல் பயிலரங்கு ஒன்றைத் தொடங்கினார். ஆறு வாரம், வாரத்துக்கு ஓர் எழுத்தாளர் ஆசிரியர். 1970இல் அங்குப் பயின்றவர்களுள் ஒருவர் மக்கின்டயர். அவர் உயிரியல் பட்டதாரி; மரபணுவியல் பயிலப் புகுந்தவர். மறு ஆண்டே சியாட்டிலில் 'கிளாரியன் வெஸ்ட்' என்னும் பயிலரங்கைத் தாமே நிறுவினார். அப்போது அவருக்கு அகவை இருபத்து மூன்றைத் தாண்டவில்லை.

1972இல் பயிலரங்கு ஒன்றில் அவருக்கு ஒரு பயிற்சி தரப்பெற்றது. நாட்டுப்புற வாழ்வைச் சுட்டும் சொற்கள் ஒரு பட்டியல்; தொழில்நுட்பச் சொற்கள் மற்றொரு பட்டியல். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொல் குருட்டாம்போக்கில் வாய்க்கும். இரண்டையும் இணைத்துக் கதை செய்ய வேண்டும். நம் புலவர்கள் ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வதில்லையா, அதுபோன்றதே இது. அப்பயிற்சியில் பிறந்ததே, பாம்புகளைக் கொண்டு நோய் தீர்க்கும் மருத்துவப் பெண் ஒருத்தியின் கதை. அது 1973இல் வெளிவந்து நெபுலா பரிசு பெற்றது. பின்னர் 1978இல் 'ட்ரீம்ஸ்நேக்' என்னும் புதினமாக வளர்ந்து ஹியூகோ, நெபுலா எனும் இரு பரிசுகளையும் வென்றது.

இத்தகு புகழுடையவர் மூன்றாண்டில் இரவல் உலகிற்குள் புகுந்ததேன் என்று பலர் வினவினர். இரவல் உலகும் ஒருவகையில் கொடுக்கப்பெற்ற சொல்தான். கலம் கொடுக்கப்பெற்றது, தலைவன் கொடுக்கப்பெற்றான், அவர்தம் குணங்களும் முன்னரே அமைந்துவிட்டன. இவையன்றி எழுதப்படாத விதியொன்றும் உண்டு: கதை முடியும்போது யாவும் தொடங்கிய இடத்திலேயே இருத்தல் வேண்டும். தலைவன் இறத்தல் ஆகாது. இறவாதவனை வைத்து எவ்வாறு அவலம் படைப்பது? பிளிஷ் தம் புதினத்தில் ஸ்பாக் என்னும் பாத்திரத்தை இரண்டாக்கி இச்சிக்கலைக் கடந்தார். மக்கின்டயரோ தலைவனைக் கலத்தின் மேல்தளத்திலேயே, தோழர் பார்த்திருக்கக் கொலையுண்ணச் செய்தார். பின்பு காலத்தில் பின்னோக்கிச் சென்று அக்கொலையைத் தடுக்கும் பொறுப்பை ஸ்பாக்கின் மேல் வைத்தார். இறந்தவன் மீள்வான் என்பது வாசகர்க்குத் தெரியும், பாத்திரங்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் அவர் துயரத்தை எழுதினார். யாவும் பழையபடி ஆதல் வேண்டும் என்ற விதி மீறப்படவுமில்லை, வெறும் தளையாக நிற்கவுமில்லை, அதுவே கதைப்பொருளாயிற்று.

வழிநூலிலும் அவர் கை தனியே தெரிகின்றது. 1982இல் வந்த இரண்டாம் 'ஸ்டார் ட்ரெக்' திரைப்படத்தில், ஆய்வுநிலையம் ஒன்றின் அறிவியலாளர் சிலர் கொல்லப்படுகின்றனர். திரையில் அவர்கள் பெரும்பாலும் பிணங்களே. மக்கின்டயர் எழுதிய புதினத்தில் அவர்களுக்கு நட்பு உண்டு, நகைச்சுவை உண்டு. தாம் கண்டறிந்த நுண்துகள்களுக்கு லூயிஸ் கரோலின் கவிதையிலிருந்து பெயர் தேடி மகிழும் இளைஞர் இருவரும் அவர்களுள் உண்டு. அறிவியல் பயின்றவர் அறிந்த சிரிப்பு அது. அதனைக் கேட்ட பின்னர் வரும் சாவு, வேறு சாவு.

ஹிகாரு என்னும் பெயர் பத்தாண்டுகள் நூல்களிலேயே வாழ்ந்தது. ஆறாம் திரைப்படம் உருவானபோது படப்பிடிப்புக்குச் சென்றிருந்த பீட்டர் டேவிட் என்னும் எழுத்தாளர், அதனைச் சேர்க்குமாறு இயக்குநர் நிக்கலஸ் மேயரிடம் எடுத்துரைத்தார். 1991இல் அப்படத்தின் தொடக்கத்திலேயே சுலு, தான் தலைமை தாங்கும் தனிக்கலத்தில் நின்று, தன் முழுப்பெயரைச் சொல்கின்றான். சார்புநூல் தந்ததை முதல்நூல் ஏற்றது.

ஆயின் ஏற்றது அவ்வளவே. 'தி என்ட்ரோபி எஃபெக்ட்' நூலில் மண்டாலா ஃப்ளின் என்றொரு பெண் இருக்கின்றாள். கலத்தின் காவற்படைத் தலைவி. ஹன்ட்டர் என்றொருத்தி தனிக்கலமொன்றின் தலைவி. உயர்வு நாடிச் சுலு செல்வது அவள் கலத்திற்கே. திரையில் ஆடவரே தலைமை தாங்கிய ஓர் உலகில் மக்கின்டயர் படைத்து நிறுத்திய இப்பெண்கள் இருவரும் எத்திரைப்படத்திலும் கால் வைக்கவில்லை. எழுதியவர் அவர்களை வேறிடம் அழைத்துச் செல்லவும் இயலாது. அந்நூல்களின் உரிமைப் பக்கத்தில் இருப்பது திரைப்பட நிறுவனத்தின் பெயர். இரவல் நிலத்தில் நட்ட மரம் நிலத்துக்காரருக்கே உரியது. இவ்விழப்பைச் சிறிதெனக் கூறுவோர், சொந்தமாக ஒரு பாத்திரத்தைப் பெற்றறியாதவராகவே இருத்தல் கூடும்.

மாநாடு ஒன்றில், தொலைக்காட்சி அறிவியல் புனைகதை பற்றிய உரையாடலில் அமர்ந்திருந்த மக்கின்டயர், எவரும் கண்டிராத அருமையான தொடர் ஒன்று உண்டு, அதன் பெயர் 'ஸ்டார்ஃபேரர்ஸ்' என்று கூறி, அதன் கதையையும் விரித்துரைத்தார். அப்படியொரு தொடர் எங்கும் இல்லை. வேடிக்கையாகக் கூறிய அதனையே பின்னர் எழுதத் தொடங்கி, 1989 முதல் 1994 வரை நான்கு புதினங்களாக்கினார். முதல்நூலே இல்லாத சார்புநூல் அது. அதன் பெண்களும் ஆண்களும் முற்றும் அவருக்கே உரியவர்கள். நான்காம் புதினம் வெளிவந்த அதே 1994இல் அவர் 'ஸ்டார் வார்ஸ்' என்னும் வேறோர் இரவல் உலகிற்காகவும் ஒரு புதினம் எழுதினார். முன்னைய நூல்கள் பெற்ற வரவேற்பை அது பெறவில்லை. மக்கின்டயர் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சியாட்டிலில் மறைந்தார். அவர் நிறுவிய பயிலரங்கு 'கிளாரியன் வெஸ்ட்' என்னும் பெயரோடு நடைபெற்று வருகின்றது.